குழந்தைக்கு எத்தனை வயதில் கேளிக்கைப் பூங்கா?

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில், சுற்றுலாச் செலவுக்குப் பணம் திரட்டுவது குறித்து ஆலோசனை கேட்டு வங்கிக் கிளைகளுக்கு வருவோர் பலர். அவர்களுள் இளம் பெற்றோரின் கேள்வி பெரும்பாலும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. எவ்வளவு பணம் தேவைப்படும் என்பது முதற்பகுதி. குழந்தைக்கு இப்போதுதான் இரண்டு வயது ஆகிறது, இந்த ஆண்டே அழைத்துச் செல்லலாமா என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதிக்கு விடை கூறுவது எங்கள் தொழில். ஆனால் இரண்டாம் பகுதிக்கு விடை தெரியாமல் முதற்பகுதிக்குச் சரியான விடை கூற இயலாது. எனவே இரண்டையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேளிக்கைப் பூங்காக்கள் நம் நாட்டில் பரவியது கடந்த நாற்பது ஆண்டுகளில்தான். தில்லியில் அப்பு கர் 1984ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவில் நிக்கோ பார்க் 1991ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. 2005இல் பெங்களூருவில் வொண்டர்லாவும், 2013இல் மகாராஷ்டிரத்தின் கோபோலி அருகே இமேஜிகாவும் வந்தன. இன்று பெருநகரங்களில் வாழும் குடும்பங்களுக்கு இத்தகைய பூங்கா ஏதேனும் ஒன்று சில மணிநேரப் பயணத்தில் கிடைத்துவிடுகிறது. வசதி இருக்கிறது, தேவை எப்போது என்பதே கேள்வி.

முதல் அளவுகோல்: உயரம்

பெற்றோர் வயதைக் கணக்கிடுகிறார்கள். பூங்காவோ உயரத்தைக் கணக்கிடுகிறது. ராட்டினங்களின் இருக்கையும், உடலை அழுத்திப் பிடிக்கும் பாதுகாப்புத் தடுப்பும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கென வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் ஒவ்வொரு ராட்டினத்தின் வாயிலிலும் உயரக்கோடு வரைந்த பலகை நிற்கிறது. வொண்டர்லா போன்ற பூங்காக்களில் சிறுவர் கட்டணமும் உயரத்தைக் கொண்டே முடிவாகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி அளவைகள், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை. அவற்றின்படி இரண்டு வயதுக் குழந்தையின் இடைநிலை உயரம் ஏறத்தாழ 86 முதல் 87 செ.மீ. மூன்று வயதில் அது சுமார் 95 முதல் 96 செ.மீ. நான்கு வயதில் 103 செ.மீ. ஐந்து வயதில் 110 செ.மீ. நலமான குழந்தைகள் பலர் இதனினும் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருப்பர். அதில் கவலைக்கு இடமில்லை.

இந்த எண்களைப் பூங்காவின் உயர விதிகளோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, பெற்றோர் மடியில் அமர்ந்து செல்லக்கூடிய மெதுவான சிறு ராட்டினங்களும் பொம்மை ரயிலுமே. நான்கு வயதை ஒட்டி 100 செ.மீ. கடந்தபின் சிறுவர் பகுதியின் பெரும்பகுதி திறக்கிறது. வேகமான பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கு 120 செ.மீ.க்கு மேல் வேண்டும். அந்த உயரம் ஏழு வயதை ஒட்டியே வருகிறது. செல்லக் கருதும் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் உரிய உயரத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை ராட்டினங்களில் குழந்தை ஏற முடியும் என்று எண்ணிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பல குடும்பங்களில் முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் அளவுகோல்: உறக்கமும் உடலும்

ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பூங்காக்களோ காலை பத்து, பதினொரு மணிக்குத் திறந்து மாலையில் மூடப்படுபவை. குழந்தை உறங்க வேண்டிய நேரம் பூங்காவின் உச்ச நேரத்தில் வருகிறது. உறக்கம் கெட்ட குழந்தையின் அழுகைக்குப் பொம்மை வேடமணிந்தவர் கைகுலுக்குவது மருந்தாகாது.

வெயிலையும் கருத வேண்டும். சிறு குழந்தையின் உடல் விரைவில் நீரிழக்கும். தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. நீர் விளையாட்டுப் பகுதியில் கணுக்கால் அளவு தண்ணீரும் மழலைக்கு ஆபத்தானதே. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் எப்போதும் இருந்தாக வேண்டும். தானே நடந்து, தன் தேவையை வாய்விட்டுச் சொல்லி, கழிப்பறைப் பழக்கமும் பெற்ற குழந்தையோடு செல்வதற்கும், இம்மூன்றும் இன்னும் கைகூடாத குழந்தையோடு செல்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

மூன்றாம் அளவுகோல்: நினைவு

பெரியவர்களிடம் அவர்களது மிகப் பழைய நினைவைக் கேட்டால், பெரும்பாலோர் கூறுவது மூன்று, மூன்றரை வயதுக்குப் பிந்திய நிகழ்ச்சியையே. அதற்கு முந்தியவை பின்னாளில் தங்குவதில்லை என்பது உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து கண்டது. ஆகவே இரண்டு வயதில் சென்ற சுற்றுலாவைக் குழந்தை பின்னாளில் புகைப்படத்தில்தான் காணும்.

அதனால் அந்த வயதின் மகிழ்ச்சி பொய் என்று பொருளில்லை. சிரித்த நேரம் சிரித்த நேரம்தான். ஆனால் அதே சிரிப்பு வேறெங்கும் கிடைக்காதா என்று கேட்டுப் பார்க்கலாம். ஊர்த் திருவிழாவின் குடை ராட்டினமும், பொருட்காட்சியின் பொம்மை ரயிலும், மாநகராட்சிப் பூங்காவின் சறுக்குமரமும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல. அதன் உலகில் விலைச்சீட்டு ஒட்டப்படுவதில்லை.

நான்காம் அளவுகோல்: பணம்

‘சீட்டு இலவசமாக இருக்கும்போதே போய்வந்துவிடுவோம்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஹாங்காங் டிஸ்னிலாந்தில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கும், சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோசில் நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கும் நுழைவு இலவசம். விமானத்தில் தனி இருக்கையின்றிச் செல்லும் கைக்குழந்தைக் கட்டணம் இரண்டு வயது நிறையும் வரைதான். இந்திய ரயில்வேயில் தனிப் படுக்கை கேட்காத, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமே இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். இவ்விதிகளை அறிந்திருத்தல் நல்லதே.

ஆயினும் இலவசத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை ராட்டினத்தில் ஏற முடியாதபோது தந்தை ஏறினால் தாய் குழந்தையோடு கீழே நிற்கிறார். தாய் ஏறினால் தந்தை நிற்கிறார். இருவரும் முழுக் கட்டணம் செலுத்தி ஆளுக்குப் பாதி நாளே அனுபவிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நுழைவுச்சீட்டு 1,500 ரூபாய் என்று கொள்வோம். இருவருக்கும் 3,000 ரூபாய். அதில் 1,500 ரூபாய் காத்திருப்புக்கே போகிறது. குழந்தைக்குக் கிடைத்த இலவசம் பெற்றோரின் சீட்டில் வசூலாகிவிடுகிறது.

இங்கே வங்கியில் கண்ட ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியர், மகள் பிறந்தபோது அவள் பெயரில் தாத்தா போட்டுவைத்த வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டு வெளிநாட்டுப் பூங்காவுக்குச் செல்ல விரும்பினர். மகளுக்கு இரண்டு வயது. சிறார் பெயரிலுள்ள வைப்பை முன்கூட்டியே முடிக்கும்போது, அப்பணம் அச்சிறாரின் நலனுக்கே பயன்படும் எனக் காப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த வரியைப் படித்த தாய் பேனாவை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்து, “இது அவளுக்கா, நமக்கா?” என்று கேட்டார். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அது திரும்பி வரவில்லை. பெற்றோர் தமக்காகச் சுற்றுலா செல்வதில் தவறேதும் இல்லை. அச்செலவு அவர்களது கணக்கிலிருந்து வர வேண்டும். குழந்தையின் கணக்கிலிருந்து அன்று.

காத்திருத்தலின் கணக்கு

சுற்றுலாவின் மொத்தச் செலவு இன்று 60,000 ரூபாய் எனக் கொள்வோம். வட்டி விகிதங்கள் மாறக்கூடியவை. கீழுள்ளவை விளக்கத்துக்காக மட்டுமே.

முதல் குடும்பம் 12 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடன் பெற்று இந்த ஆண்டே செல்கிறது. 24 மாதங்களுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,825 ரூபாய். மொத்தம் சுமார் 67,800 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் தனி.

இரண்டாம் குடும்பம் மாதம் 2,500 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்குத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்துகிறது. வட்டி 6.5 விழுக்காடு எனில் 60,000 ரூபாய் அசலுடன் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாக வட்டி சேரும். கையில் சுமார் 64,100 ரூபாய்.

விலைவாசியையும் மறக்கலாகாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 60,000 ரூபாய்ச் சுற்றுலா இரண்டாண்டில் சுமார் 67,400 ரூபாயாகிவிடும். அப்போது இரண்டாம் குடும்பம் மேலும் 3,300 ரூபாய் சேர்க்க வேண்டும். அவர்கள் கையிலிருந்து சென்றது மொத்தம் 63,300 ரூபாய். முதல் குடும்பத்தினும் ஏறத்தாழ 4,500 ரூபாய் குறைவு. குழந்தைக்கும் அப்போது நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருக்கலாம் என்பதால் இந்த மிச்சம் மேலும் சுருங்கும்.

மிச்சம் பெரிதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஏறக்குறைய அதே பணத்துக்கு இரு குடும்பங்களும் பெற்றது ஒன்றன்று. முதல் குடும்பம் 87 செ.மீ. உயரக் குழந்தையோடு சென்றது. திரும்பிய பின்னும் தவணை தொடர்ந்தது. இரண்டாம் குடும்பம் 103 செ.மீ. உயரக் குழந்தையோடு, கடனில்லாமல் சென்றது. அந்த 24 மாதங்களில் வைப்புத்தொகையும் வளர்ந்தது, குழந்தையும் வளர்ந்தது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு

மேற்கூறிய கணக்கு மழலையை மட்டும் மையமாகக் கொண்டது. குடும்பம் அதனினும் பெரிது. மூத்த குழந்தைக்கு ஒன்பது வயதாகிறது என்றால், தம்பி வளரும் வரை அவனைக் காக்க வைப்பது நியாயமன்று. அவ்வாறே, பேரப்பிள்ளைகளோடு ஒரு பயணம் செல்ல ஆசைப்படும் தாத்தா பாட்டிக்கு இன்று நடக்க முடிகிறது. இரண்டாண்டுகளுக்குப் பின் முடியுமா என்பதை எந்த வட்டி அட்டவணையும் கூறாது. அத்தகைய நிலையில் குழந்தையின் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். பயணத்தின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய உள்நாட்டுப் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர், ஜனவரி போன்ற வெயில் தணிந்த மாதங்களில், பள்ளி விடுமுறையல்லாத வார நாளில் செல்லுங்கள். திறக்கும் நேரத்தில் நுழைந்து, நண்பகலில் நிழலான இடத்தில் குழந்தையை உறங்க வைத்து, மாலையில் மீண்டும் தொடங்குங்கள். மழலையைக் கவனிப்பதற்கென ஒரு பெரியவர் முறைவைத்து இருக்கட்டும். தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., மாற்றுடை, தள்ளுவண்டி ஆகியவற்றோடு, குழந்தையின் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையும் இருக்கட்டும். தள்ளுவண்டி கிடைக்குமா, உணவு கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

முடிவெடுக்க ஐந்து கேள்விகள்

1. செல்லக் கருதும் பூங்காவின் ராட்டினங்களில் பாதியிலேனும் குழந்தை ஏறத்தக்க உயரம் உண்டா?
2. பகலுறக்கம் இல்லாமலோ, வெளியிடத்தில் உறங்கியோ ஒரு நாளைக் குழந்தை கழிக்குமா?
3. உள்ளூர்ப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றபோது கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மகிழ்ந்ததா, அஞ்சியதா?
4. செலவு முழுவதும் சேமிப்பிலிருந்து வருகிறதா, அவசரகால நிதியும் குழந்தையின் வைப்பும் கைபடாமல் இருக்கின்றனவா?
5. இப்போது செல்லாவிடில் குடும்பத்தில் வேறு யாரேனும் இந்த வாய்ப்பை இழப்பார்களா?

முதல் நான்கிற்கும் விடை சாதகமாயின் புறப்படலாம். அவற்றில் இரண்டு மூன்று பாதகமாயினும், ஐந்தாவதற்கு விடை ‘ஆம்’ எனில், பயணத்தைச் சிறிதாக்கிக்கொண்டு புறப்படலாம். ஐந்தாவதும் ‘இல்லை’ எனில், அருகிலுள்ள கிளையில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். அன்றே வீட்டுக் கதவு நிலையில் குழந்தையை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடும் அருகில் தேதியும் போட்டுவையுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுக்கோடு போடும் நாளில் கணக்கின் இருப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.