படகு ட்ரெயிலர் வாங்குவோருக்கு வசந்தகால ஆலோசனை

ஒன்ராறியோ ஏரிகளில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது. மே மாத இரண்டாம் சனிக்கிழமை ரைஸ் ஏரிப் பக்கம் வோலாய் மீன்பிடி திறக்கும். அதையடுத்து விக்டோரியா தின விடுமுறை. அதற்குள் ஒரு ட்ரெயிலர் எடுத்துவிட வேண்டும் என்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பலர் கைபேசியில் விளம்பரம் பார்க்கும் காலம் இது. சென்ற கோடையில் நெடுஞ்சாலை ஓரங்களில் சில்லுக் கழன்றும் அச்சு வளைந்தும் ட்ரெயிலர்கள் நின்றதைப் பார்த்தோம். பெரும்பாலானவை அவசரத்தில் மலிவாக வாங்கப்பட்டவை. இந்த வருடமும் அது நடக்க வேண்டியதில்லை.

முதல் விதி: தகட்டைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம்.

ட்ரெயிலரின் முன்பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கச் சட்டத்தில், ஒரு தகடு இருக்கும். 17 எழுத்தும் எண்ணுமான அடையாள இலக்கம், மொத்த எடை வரம்பு, அச்சின் தாங்குதிறன், ரயரின் அளவு, காற்றழுத்தம் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லையா, சுரண்டப்பட்டிருக்கிறதா, பெயின்ற் பூசி மறைக்கப்பட்டிருக்கிறதா? விலை எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இணையமா, ஊர்க்கடையா?

இணையத்தில் விலை ஒப்பிடலாம். பழைய ட்ரெயிலர்கள் நிறையக் கிடைக்கும். உதிரிப்பாகம் வாங்க அது நல்ல இடம். ஆனால் புது ட்ரெயிலர் பெட்டியில் துண்டு துண்டாக வந்தால் பூட்டுவது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு நட்டையும் அளவுச் சாவியால் முறுக்க வேண்டும். பிழையான அளவு வந்தால் திருப்பி அனுப்பும் செலவில் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

ஊர்க் கடைக்காரர் சில நூறு டொலர் கூடக் கேட்பார். அதற்குப் பதிலாக உங்கள் படகை ஏற்றிப் பார்த்து, தாங்குபலகையையும் வின்ச் தூணையும் அச்சையும் நகர்த்திப் பொருத்தித் தருவார். படகின் பின்பலகை தாங்குபலகையின் முடிவோடு சரியாக நிற்க வேண்டும்; வெளியே தொங்கினால் எஞ்சினின் பாரத்தில் படகின் அடி வளைந்துபோகும். இந்தப் பொருத்தத்தை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. முதல் ட்ரெயிலர் வாங்குபவர் ஊர்க்கடைக்கே போகட்டும். இணையத்தில்தான் வாங்குவேன் என்பவர், உள்ளூர்க் கிளையில் பார்த்து எடுத்துக்கொள்ளக்கூடிய கடையாகத் தேடுங்கள். பார்த்த பிறகு பணம்.

அமெரிக்காவிலிருந்து எடுப்பவர்கள், அந்த ட்ரெயிலர் கனடாவுக்குள் வர அனுமதி உண்டா என்று வாகன இறக்குமதிப் பதிவாளரிடம் முதலில் கேளுங்கள். எல்லையில் நின்று கேட்பதில் பயனில்லை.

எடையில்தான் பலரும் விழுகிறார்கள்

விளம்பரத்தில் "1,500 இறாத்தல்" என்று இருக்கும். படகு 800 இறாத்தல்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த 1,500 பெரும்பாலும் மொத்த எடை வரம்பு. ட்ரெயிலரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். படகின் கையேட்டில் உள்ள எடையோ வெறும் உடலின் எடை.

16 அடி அலுமினியப் படகு ஒன்றைக் கணக்குப் பாருங்கள். உடல் சுமார் 350 கிலோ. 40 குதிரைவலு எஞ்சின் 100 கிலோ. 45 லீற்றர் பெற்றோல் 33 கிலோ. இரண்டு பற்றரி 50 கிலோ. சிறு மின்மோட்டார் 15 கிலோ. நங்கூரம், தூண்டில், ஐஸ் பெட்டி, மிதவை அங்கிகள் 60 கிலோ. மொத்தம் 608. நூற்றுக்குப் பதினைந்து மேலதிகம் சேர்த்தால் ஏறத்தாழ 700 கிலோ. அந்த 1,500 இறாத்தல் என்பது 680 கிலோ; ட்ரெயிலரின் சொந்த எடை 200 கிலோ போனால் மிஞ்சுவது 480. 608 கிலோவை அதில் ஏற்றி, பிள்ளைகளையும் காரில் வைத்துக்கொண்டு 100 கிலோமீற்றர் வேகத்தில் போவீர்களா? 2,000 இறாத்தல் வரம்புள்ள ட்ரெயிலர் என்றால், அதே சொந்த எடை போக 707 கிலோ தாங்கும். அதுவே போதும் போதாதென்ற அளவுதான்.

இந்தக் கணக்கைப் போடப் பத்து நிமிடம் போதும். போடாமல் வாங்கிவிட்டு, வீதியில் அச்சு முறிந்த பிறகு விற்றவரைத் திட்டாதீர்கள். எண் தகட்டில் இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை.

பழைய ட்ரெயிலர் என்றால்

- அடையாள இலக்கத்தைக் கனடியப் பொலிஸ் தகவல் நிலையத்தின் பொதுத் தேடலில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் பொருள் என்றால் ட்ரெயிலரும் போகும், காசும் போகும்.
- பதிவுப் பத்திரத்தின் இலக்கமும் தகட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- "இன்னொருவர் வருகிறார், முன்பணம் அனுப்புங்கள்" என்றால் அனுப்ப வேண்டாம். இல்லாத ட்ரெயிலருக்குப் பணம் கட்டியவர்கள் பலர் இப்படித்தான் கட்டினார்கள். மறுபடியும் சொல்கிறோம்: தகட்டைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.
- ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் கடந்த ரயரை மாற்றுங்கள்.
- சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பெயரிங் மாற்ற வேண்டும்.

வீதிக்கு எடுக்கும் முன்

- சேர்விஸ் ஒன்ராறியோவில் பதிவு செய்து இலக்கத்தகடு பூட்டுங்கள்.
- மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம்.
- கொக்கிப் பந்தின் அளவு பொருந்த வேண்டும். 1⅞ அங்குலப் பந்தும் 2 அங்குலப் பந்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 2 அங்குலக் கிண்ணத்தில் சிறிய பந்தை மாட்டினால் குழியில் துள்ளிக் கழன்றுவிடும்.
- பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள்.
- முன்கொக்கியில் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்தளவு இறங்க வேண்டும். குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும்.
- முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.
- ஏரிக்கரையில் சில்லின் மையம் சூடாக இருந்தால் ஆறவிட்டு இறக்குங்கள். சூட்டோடு இறக்கினால் குளிர்ந்த நீரை உள்ளே இழுத்துப் பெயரிங் துருப்பிடிக்கும்.
- திரும்பும்போது அடிமூடியைக் கழற்றி நீரை வடித்து, பாசியைத் துடைத்து எடுங்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்.

ஏப்ரல் கடைசியில் கடைகளில் கூட்டம் நெருக்கும். பொருத்தித் தர நேரம் இருக்காது. ஆகவே இந்த வாரமே படகின் எடையைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய், தகட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படகின் எடையும் ட்ரெயிலரின் சொந்த எடையும் சேர்ந்து அந்த வரம்புக்குள் அடங்கினால் மட்டும் பணத்தை எடுங்கள்.