மாவுக்கட்டுக்குள் எலும்பு மெலியாமலிருக்க...

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால், அந்த இடத்து எலும்பு மட்டும் சுண்ணாம்புச்சத்தை இழந்து மெலியும். எலும்பின் வலு அதன் மீது விழும் பளுவைப் பொறுத்தது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார்.

● மணிக்கட்டில் கட்டா? மருத்துவர் தடை சொல்லாவிட்டால், விரல்களை நன்றாக மடக்கி விரியுங்கள். முழங்கை, தோள்பட்டையையும் அசையுங்கள்.

● காலில் கட்டு என்றால், எப்போது ஊன்றலாம் என்று கேட்டு, சொன்ன நாளிலிருந்து தயங்காமல் ஊன்றுங்கள்.

● கேழ்வரகுக் கூழ், பால், தயிர், எள்ளுருண்டை தினமும் இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

● புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், விட்டுவிடுங்கள்.

● கட்டுப் பிரித்ததும் எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக நீவ வேண்டாம். பிசியோதெரபியை இடையில் நிறுத்தாதீர்கள்.

● விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கட்டுப் பிரித்த பிறகும் எரிச்சலுடன் வலி, வீக்கம், தோல் நிறமாற்றம் நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.