வன்தட்டு மாற்றமும் இயங்குதள மேம்பாடும்: எது முதலில்?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, இல்லிருப்புக் கற்றலுக்காக நம் நாட்டில் பல குடும்பங்கள் மடிக்கணினி வாங்கின. அவற்றுள் பல விண்டோஸ் 10 இயங்குதளத்தில் இயங்குபவை. அந்த இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் வழங்கிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. கணினியும் இதற்குள் மெதுவாகிவிட்டது. "வன்தட்டை மாற்றி, விண்டோஸ் 11-ஐயும் ஒரே மூச்சில் போட்டுவிடலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

போடலாம். ஆனால், வரிசை முக்கியம். வரிசை தவறினால் கணினிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அதிலுள்ள குடும்பப் படங்களும் பள்ளி வேலைகளும் போய்விடலாம். கணினியை மீண்டும் வாங்கலாம். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வன்தட்டு ஏன் மெதுவாக இயங்குகிறது?

வன்தட்டினுள் காந்தப்பூச்சு பூசிய வட்டத்தகடு சுழல்கிறது. மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதாவது, விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி. தேவையான தரவு படிப்புமுனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 15 மில்லிவிநாடி ஆகிறது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. நுண்சில்லுகளில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களே தரவைக் காக்கின்றன. ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி போதும். கணினியைத் திறக்கும்போது 10,000 சிறு தரவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வன்தட்டுக்கு 150 விநாடி, எஸ்.எஸ்.டி.க்கு 1 விநாடி. வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைப்போம். இங்கும் அதே விதிதான். வட்டையும் இயங்குதளத்தையும் ஒன்றாக மாற்றிய பிறகு கணினி திறக்காவிட்டால், பழுது எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வன்தட்டிலேயே முதலில் விண்டோஸ் 11-ஐப் போடுவதும் நல்லதன்று. தேய்ந்துபோன தட்டில் பல ஜிகாபைட் தரவை எழுதவும் அழிக்கவும் நேரிடும். நடுவில் அது நின்றுவிட்டால், நம்மிடம் இருந்த ஒரே பிரதியும் கெட்டுவிடலாம். ஆகவே முதலில் வட்டு, பிறகு இயங்குதளம்.

செய்முறை

1. தகுதி பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் வசதி, ஏற்புடைய புரோசசர் ஆகியவை தேவை. இன்டெல் புரோசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லும். புதிய வட்டு பழைய புரோசசரை இளமையாக்காது என்பதை மறவாதீர்கள்.

2. காப்பு நகல் எடுங்கள். முக்கியக் கோப்புகளை வெளிப்புற வட்டு ஒன்றில் சேமியுங்கள். அவற்றுள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப வேண்டாம். வன்தட்டில் 'டக், டக்' என ஒலி கேட்டால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதையே முதலில் செய்யுங்கள்.

3. மீட்புக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். சில கணினிகளில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அமைப்பை மாற்றியதும் 48 இலக்க பிட்லாக்கர் குறியீட்டைக் கணினி கேட்கலாம். அது இல்லையேல் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்கா.

4. படியெடுங்கள். புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. இணைப்பான் வழி பொருத்தி, படியெடுக்கும் மென்பொருளால் பழைய வட்டை அப்படியே நகலெடுங்கள். எது மூலம், எது இலக்கு என்பதை இருமுறை பாருங்கள். திசை மாறினால் வெற்று வட்டு பழைய வட்டின்மேல் எழுதப்பட்டு, எல்லாம் அழிந்துவிடும்.

5. மாற்றிப் பொருத்துங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதையும் கழற்றுங்கள். உலோகப் பொருளொன்றைத் தொட்டு, உடலில் சேர்ந்த நிலைமின்னை வெளியேற்றிய பிறகே உட்பகுதியைத் தொடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். பின்னர் இரண்டு மூன்று நாள் பழைய இயங்குதளத்திலேயே பயன்படுத்திப் பாருங்கள்.

6. இப்போது மேம்படுத்துங்கள். மின்னேற்றியை இணைத்தபடியே விண்டோஸ் 11-ஐ நிறுவுங்கள். பிடிக்காவிட்டால் முந்திய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தரும் அவகாசம் பொதுவாக 10 நாள்தான்.

7. பழைய வட்டைத் தொடாதீர்கள். தேதி எழுதி, ஒரு மாதமாவது பத்திரமாக வையுங்கள். எது தவறினாலும் அதை மீண்டும் பொருத்தித் தொடக்கத்திற்கே திரும்பலாம். புது வட்டு வாங்குவதால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான்.

கணினியில் நச்சுநிரல் இருந்தால் படியெடுக்க வேண்டாம். நச்சுநிரலும் கூடவே வரும். புதிய வட்டில் இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவி, கோப்புகளை மட்டும் சோதித்துச் சேருங்கள். விண்டோஸின் மின்னியல் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைந்தது. வட்டை மாற்றியதற்காக அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

'500' ஏன் '465' ஆனது?

500 ஜிகாபைட் வட்டைக் கணினி 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 ஜிகாபைட்டை 1,000,000,000 பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸோ 1,073,741,824 பைட் என்று கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், விடை வரும். புதிய வட்டு சிறியதாக இருந்தால், பழைய வட்டில் நிரம்பியுள்ள தரவு அதில் அடங்குமா என்பதை வாங்குமுன் பாருங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு?
2. 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டும்?
3. உங்கள் வீட்டுக் கணினி இன்றே பழுதானால், வேறு நகல் இல்லாத கோப்புகள் எவை?

முதல் விடை 4.2 மில்லிவிநாடி, இரண்டாவது 238. மூன்றாவது விடையை இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து பட்டியலிடுங்கள்.