காது மந்தமா? போன் பேச்சைப் படிக்கலாம்!

சிவகிரியில் இருக்கும் என் அப்பாவுக்கு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. வயதாகி விட்டதால் காது கொஞ்சம் மந்தம். ஒருநாள் புளியங்குடி வியாபாரி ஒருவர் போனில் கிலோ "எழுவது" என்றார். அப்பா காதில் "அறுவது" என்று விழுந்தது. கட்டாது என்று வைத்து விட்டார். மறுநாள் விலை இறங்கி விட்டது. அதன்பின் போன் அடித்தாலே, "ஏல, நீயே எடு" என்பார்.

நேரில் பேசும்போது உதட்டசைவு கை கொடுக்கும். போனில் அது இல்லை. மேலும் சாதாரண போன் இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே அனுப்புகிறது. "ஸ" போன்ற உரசல் ஒலிகளின் பெரும்பகுதி இதற்கு மேல் உள்ளது. இருமுனையிலும் வோல்ட்இ இருந்தால் பெரும்பாலும் 7000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். முதலில் அதை ஆன் செய்யுங்கள்.

காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல் டெலிபிரிண்டரைப் போன் லைனில் இணைத்துக் காட்டினார். பேச வேண்டியதைத் தட்டச்சு செய்தால் மறுமுனையில் அச்சாகும். இன்று பேச்சையே எழுத்தாக்க, கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது. தமிழும் அதற்குத் தெரியும்.

இனி செய்முறை. இரண்டு போன்கள் தேவை. ஏனெனில், அழைப்பு நடக்கும்போது அதே போனின் மைக் பொதுவாக இந்த அப்ளிகேஷனுக்குக் கிடைக்காது.

1. இரண்டாவது ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து லைவ் டிரான்ஸ்கிரைப்பை நிறுவுங்கள். இன்டர்நெட் இணைப்பு ஆனில் இருக்கட்டும்.

2. அதன் செட்டிங்ஸில் மொழியாகத் தமிழைத் தேர்வு செய்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.

3. அழைப்பு வந்ததும் முதல் போனில் ஸ்பீக்கரை ஆன் செய்து, இரண்டாவதை ஒரு சாண் தள்ளி வையுங்கள். எதிர்முனைப் பேச்சு திரையில் ஓடும். நீங்கள் பேசுவதும் சேர்ந்தே வரும், குழம்ப வேண்டாம்.

காது கருவி அணிபவர்கள் அதில் "டி" நிலை உள்ளதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் போனின் காந்தப் புலத்தை நேரடியாக வாங்குவதால், சுற்றுப்புற இரைச்சல் சேராது. போனும் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்தில் பிழை வரும். வங்கி விவரங்களை ஸ்பீக்கரில் பேசாதீர்கள். விலை, தேதி போன்ற எண்களைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள், அல்லது எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவே போனை எடுக்கிறார். விலை சொன்னதும், "ஏழு, பூஜ்யம்... அதான?" என்று கேட்ட பிறகே பதில் சொல்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் செய்து கொடுத்துப் பாருங்கள்.