கையைக் கடிப்பது நாட்களா, ஓட்டமா?

“வெளிநாடா? பத்து நாளில் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். நாள் கூடினால் கட்டுப்படியாகாது.” பட்ஜெட் பயணத்தைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் அதிகம் கெடுதல் செய்வது இதுதான்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். போகவர விமான டிக்கெட் 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் பயணத்தில் ஒவ்வொரு நாளின் தலையிலும் 3,600 ரூபாய் விழுகிறது. அறுபது நாள் தங்கினால் அது 600தான். விசாவும் இடம் கொடுக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கும் 90 நாள் இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. நடுவில் கம்போடியாவுக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் முதலிலேயே 50 டாலர் விசாவை வாங்கிவிடுங்கள். ஒருமுறை விசா, எல்லையைத் தாண்டியதோடு முடிந்துவிடும்.

பணத்தைக் கரைப்பது ஊர்விட்டு ஊர் ஓடுவதுதான். ஒவ்வொரு நகர்விலும் பஸ் டிக்கெட்டோடு செலவு நிற்பதில்லை. நிலையத்துக்குப் போக ஒரு வண்டி, இறங்கியதும் இன்னொரு வண்டி, வழியில் கிடைத்த விலைக்குச் சாப்பாடு, களைப்பில் விசாரிக்காமல் எடுத்த அறை, பாதி நாள் வீண். ஒரே ஊரில் இரண்டு வாரம் இருந்தால் அறைக்கு வார வாடகை, மாத வாடகை பேசலாம். உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். அறுபது நாளில் இருபது ஊர் என்று திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஐந்து ஊர் போதும். நீண்ட தூரத்துக்கு இரவு ரயில் இருக்கிறது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஸ்லீப்பரில் போனால் சில இரவுகளின் அறை வாடகை மிச்சம்.

“சீசன் இல்லாத நேரத்தில் போனால் எல்லாம் மலிவு.” மலிவுதான், ஆனால் ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். சென்னையை நனைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில்தான் வியட்நாமின் நடுப்பகுதியிலும் மழை கொட்டுகிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் நகரத் தெருக்களில் ஆற்று வெள்ளம் புகுவது வழக்கம். அறை பாதி விலைக்குக் கிடைத்தும் வெளியே கால் வைக்க முடியாது. அதே நாடு, வேறு வானிலை: தெற்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, வடக்கே மலைப்பகுதியில் டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர். டெட் எனும் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். நம் தீபாவளிக் கூட்டம் போல ரயில், பஸ் டிக்கெட் எல்லாம் முன்பே தீர்ந்துவிடும், கடைகள் பலவும் மூடியிருக்கும். தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

“செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் விமான டிக்கெட் மலிவு; திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள்.” இரண்டையும் நம்பத் தேவையில்லை. இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்திப் பார்ப்பதே உருப்படியான வழி. பெட்டிக்கான கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

“ரூபாயில் கட்டினால் ஏமாற மாட்டோம்.” ஏடிஎம்மோ கடை இயந்திரமோ “ரூபாயிலா, டாங்கிலா?” என்று கேட்டால் வியட்நாம் நாணயமான டாங்கைத் தொடுங்கள். ரூபாய்க்கு மாற்றித் தருகிறவர் தன் லாபத்தையும் சேர்த்தே கணக்கிடுவார்.

“உடம்பு நன்றாக இருக்கிறது, இன்சூரன்ஸ் எதற்கு?” இரண்டு மாதப் பயணத்தில் இதை மட்டும் சிக்கனத்தின் பெயரில் வெட்டாதீர்கள். வாங்கும்போது பைக் பற்றிய விதியைத் தேடிப் படியுங்கள். அங்கே ஆளாளுக்கு வாடகை பைக் எடுக்கிறார்கள், கடைக்காரர் உரிமம் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த நாட்டில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால், பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ரூபாய் கூடத் தராது.