கால் மில்லிகிராமில் தொடங்குவது ஏன்?

ஜொகூர், மாசாயில் ஒரு மாணவியின் அம்மாவுக்கு நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்கிறது 2023 தேசியச் சுகாதார ஆய்வு. இது அரிய கதை அல்ல. மருத்துவர் வாரம் ஒருமுறை போடும் செமக்ளுடைட் ஊசியை 0.25 மில்லிகிராமில் தொடங்கச் சொன்னார். இரண்டாம் வாரமே அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சர்க்கரை இறங்கவே இல்லையே, ஒரேயடியாக 1 மில்லிகிராம் போட்டால் என்ன?"

போடக்கூடாது. ஏன் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

நாம் சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும். இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். ஆனால் இரண்டே நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். அதே வேலையைச் செய்யும் செமக்ளுடைட், இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. கதிரியக்கப் பாடத்தில் வரும் அதே அரையாயுள்தான் இது.

மருந்து உடனே முழுதும் உடலில் கலப்பதாக எளிமையாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 0.25. அடுத்த ஊசியின்போது அதில் 0.125 மிச்சம் இருக்கும், புதிதாக 0.25 சேர்ந்தால் 0.375. மூன்றாம் வாரம் 0.4375, நான்காம் வாரம் 0.47. எத்தனை வாரம் போட்டாலும் 0.5ஐத் தாண்டாது. கூடுதல் கணிதம் படிப்பவர்களுக்கு இந்தப் பெருக்குத் தொடர் பிடிபட்டிருக்கும். ஊசியின் அளவு மாறவில்லை, உடலில் இருப்பதோ ஏறக்குறைய இரு மடங்கு! நான்கு வாரத்தில் உச்சத்தை நெருங்கிவிடுவதால், அதன் பிறகே அடுத்த படி.

0.25 சர்க்கரையை அடக்குவதற்கான அளவே அல்ல. வயிற்றையும் மூளையையும் பழக்குவதற்கானது. உடல் எடைக்கான வெகோவியில் 0.25, 0.5, 1, 1.7, 2.4 என ஐந்து படிகள். மௌஞ்சாரோ எனப்படும் டிர்செபடைட் வேறு மருந்து, அது 2.5இல் தொடங்கும். எண்களை ஒப்பிட்டு ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுவது ஆபத்து.

அம்மா இரண்டாம் வாரமே 1 மில்லிகிராம் போட்டால்? 0.125 உடன் 1 சேர்ந்து 1.125. இருக்க வேண்டிய 0.375ஐப் போல மூன்று மடங்கு. குமட்டல், ஓயாத வாந்தி, நீரிழப்பு, அதனால் சிறுநீரகப் பாதிப்புகூட வரலாம். தலைவலி மாத்திரைபோல மாலைக்குள் இறங்கிவிடாது. ஒரு வாரம் கழித்தும் பாதி உள்ளேயே இருக்கும்.

குப்பியிலிருந்து தாங்களே சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்ட சிலர், 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. நம் நாட்டில் இது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே கிடைக்க வேண்டிய மருந்து. பெட்டியில் 'எம்ஏஎல்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் மலிவாக வருவதை வீட்டில் யாராவது வாங்கினால், முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. மாதக்கணக்கில் 1 மில்லிகிராம் போட்டு வருபவரின் உடலில், ஊசி போட்டதும் 2 மில்லிகிராம் இருக்கும். அத்துடன் நிறுத்திவிட்டால், எத்தனை வாரத்தில் அது முதல் நாள் அளவான 0.25க்கு இறங்கும்? 1, 0.5, 0.25 என மூன்றே வாரம். அதனால்தான் சில வாரங்கள் விட்டவர், பழைய அளவிலேயே தொடரலாமா, கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.