எடை குறைக்கும் ஆர்வம் மூன்றாவது வாரத்திலும் நிற்க…

தை பிறந்தாலும், வீட்டில் கல்யாணத் தேதி குறித்தாலும் எடை குறைக்கும் ஆசை தானாக வந்துவிடும். மூன்றாவது வாரம்தான் சோதனை. அப்போது ‘எனக்கு மன உறுதி பத்தாது’ என்று நொந்துகொள்கிறவர்கள் அநேகம். ஆர்வம் எல்லோருக்கும் ஏறி இறங்கும். அது இறங்கிய நாளிலும் வேலை நடக்கிறமாதிரி வீட்டை ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

1. காரணத்தைச் சின்னதாக, உங்கள் உடம்புக்கு நெருக்கமாக எழுதுங்கள். ‘ஸ்லிம் ஆகணும்’ என்பது நாலு நாளில் மறந்துபோகும். ‘தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழணும்’, ‘காய்கறிப் பையோடு இரண்டாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறணும்’ என்பவை தினமும் நினைவூட்டும். கல்யாணத்துக்காகக் குறைக்கிறவர்களுக்குப் பந்தி முடிந்ததுமே காரணமும் முடிந்துவிடுகிறது.

2. முதல் இலக்கு உடல் எடையில் 5 சதவீதம். 80 கிலோ இருப்பவருக்கு வெறும் 4 கிலோ. அந்த அளவுக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் தாராளம். ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ விளம்பரங்களை நம்பி ஏமாறாதீர்கள்.

3. எடை மெஷின் காட்டும் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பலர் பாதியில் விடுவது இங்கேதான். சோறு, இட்லியைக் குறைத்ததும் முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கலாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். இரண்டாவது வாரம் வேகம் குறைவது அதனால்தான். நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. அதேபோல, விருந்தில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறித் தெரிவதும், மாதவிலக்குக்கு முன் எடை கூடுவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். வாரத்தில் ஒரே நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். மாதக் கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்.

4. தையல் பெட்டியிலிருக்கும் இன்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குமேல் போனால் கவனம் தேவை. எடை அசையாத வாரங்களில்கூட டேப் இறங்கும். அதைக் காலண்டரில் குறித்துவைத்தால் தெம்பு வரும்.

5. எண்ணெய்க் கணக்கு பாருங்கள். என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பலன் தருவது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் போனால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. அதிலேயே 200 கலோரிக்கு மேல். அதை 2 லிட்டராக்கினால் ஒருவர் பங்கில் மாதம் சுமார் 2,000 கலோரி மிச்சம். அரை மணி வீதம் பதினைந்து நாளாவது நடந்தால்தான் அவ்வளவு செலவாகும். யாருக்கும் பசிக்காது, யாரும் தனியாகப் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. மாதம் பிறக்கும்போதே 2 லிட்டரைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தில் ஒரு டீஸ்பூன் போட்டுவைத்து, தாளிக்கும்போது அதால் மட்டும் ஊற்றுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றினால் கை நிற்காது.

6. முறுக்கு, மிக்சர் டப்பாக்கள் பரணுக்குப் போகட்டும். நறுக்கிய வெள்ளரி, கொய்யா ஃப்ரிட்ஜின் முன்வரிசைக்கு வரட்டும்.

7. ‘நேரம் கிடைத்தால் நடப்பேன்’ என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. ‘பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, அப்படியே 20 நிமிடம்’ என்று ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்கள். அதை நம்பி 22-வது நாள் சோர்ந்துபோக வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

8. மழை பெய்யும், விருந்தாளி வரும் நாள்களுக்கென்று ஒரு குறைந்தபட்சம் வையுங்கள். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிட நடை போதும்.

9. வற்புறுத்திப் பரிமாறும் உறவினரிடம் ‘டயட்டில் இருக்கேன்’ என்றால் வாக்குவாதம்தான் வரும். ‘அத்தை, பொரியல் பிரமாதம், அதையே இன்னும் ஒரு கரண்டி போடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். அத்தைக்கும் மனசு நிறையும், சோறும் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘இன்னைக்கு நடக்கப் போகலையா?’ என்று குத்திக்காட்டாதீர்கள். ‘வா, நானும் வர்றேன்’ என்று செருப்பை மாட்டுங்கள். குண்டு என்று கேலி செய்து யாரையும் இளைக்க வைக்க முடியாது. ஒளித்துச் சாப்பிடத்தான் வைக்கலாம்.

10. சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். உடம்பு இளைக்க இளைக்க அது செலவழிக்கும் சக்தியும் குறைவதால் வருவது இது. பொரியலைக் கூட்டி, சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். நடையில் பத்து நிமிடம் சேருங்கள். அப்படியும் அசையாவிட்டால் டாக்டரிடம் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி பற்றிக் கேளுங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் எடையைக் கூட்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம்.

11. குறைத்த எடையைக் காப்பது தனி வேலை. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், விடாமல் உடலை அசைக்கிறார்கள். எனவே இலக்கை எட்டிய பிறகும் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டாம். தளர்ந்துபோன ரவிக்கைகளையும் பேன்ட்களையும் பிடித்துத் தைத்துவிடுங்கள். இரண்டு கிலோ ஏறும்போதே கொக்கி இழுக்கும். அந்த வாரமே எண்ணெயையும் நடையையும் சரிசெய்துவிடலாம்.